'ரன்' என்னும் சொல் எங்கெல்லாம் ஓடுகிறது?

ஆங்கிலம் கற்கத் தொடங்கும் குழந்தை முதலாண்டிலேயே அறிந்துகொள்ளும் சொற்களுள் 'ரன்' என்பதும் ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள். பாடநூலில் ஒரு சிறுவன் ஓடும் படமும் அதன்கீழ் இச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். 'ரன்' என்றால் 'ஓடு' என்று குழந்தை மனத்தில் பதித்துக்கொள்ளும். அவ்வாறு பதித்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் அகராதியைத் திறந்தால் வியப்பு காத்திருக்கிறது.

ஆங்கில அகராதிகளுள் மிகப் பெரியது ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. அதன் முதற்பகுதி 1884-இல் வெளிவந்தது. முதற்பதிப்பு முழுமை பெற்றது 1928-இல். இடைப்பட்ட நாற்பத்து நான்கு ஆண்டுகளில் அதன் தலைமைப் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரேயும் காலமாகிவிட்டார். 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்த இரண்டாம் பதிப்பில், 'செட்' என்னும் வினைச்சொல்லே மிக நீண்ட இடத்தைப் பெற்றிருந்தது. அதற்கு ஏறத்தாழ 430 பொருள்கள் கூறப்பட்டிருந்தன. பின்னர் அகராதியைத் திருத்தியமைக்கும் பணியில் 'ரன்' முந்திக்கொண்டது. வினைச்சொல்லாக வரும் 'ரன்' ஒன்றிற்கே 645 பொருள்கள் உள்ளன என்று 2011-ஆம் ஆண்டில் தெரியவந்தது. அவற்றைப் பிரித்து வகைப்படுத்த பீட்டர் கில்லிவர் என்னும் அகராதியியல் அறிஞர் ஒன்பது மாதம் உழைத்தார். மூன்றெழுத்துச் சொல் ஒன்றிற்கு ஒன்பது மாத உழைப்பு!

ஒரு சொல் இத்தனை பொருள்களை எங்கிருந்து பெற்றது? பழைய ஆங்கிலத்திலேயே இச்சொல் கால்களால் விரைதலையும் நீர் பாய்தலையும் ஒருங்கே குறித்தது. தடையின்றித் தொடர்ந்து செல்வது எதுவோ அதுவெல்லாம் 'ரன்' ஆயிற்று. கொடி சுவரின்மேல் படர்ந்தால் 'ரன்'. வேலி வயலைச் சுற்றி நீண்டால் 'ரன்'. ஓர் ஒப்பந்தம் ஐந்தாண்டு நடைமுறையில் இருந்தால் அதுவும் 'ரன்'. பின்பு இயந்திரங்களின் காலம் வந்தது. 1830-இல் லிவர்பூல் நகருக்கும் மான்செஸ்டர் நகருக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. தொடர்வண்டிகள் 'ரன்' ஆயின. ஆலைகள் 'ரன்' ஆயின. ஆலையை நடத்துபவரும் அதனை 'ரன்' செய்தார். நம் காலத்தில் கணினியில் நிரல் 'ரன்' ஆகிறது. புதிய பொருள் ஒன்று தோன்றும்போதெல்லாம் ஆங்கிலேயர் புதுச்சொல் தேடவில்லை. கைக்கெட்டிய பழைய சொல்லையே எடுத்துக்கொண்டனர்.

இதனால் ஆங்கிலேயருக்கு இடரில்லை. இடர் வருவது, ஆங்கிலத்தில் எண்ணித் தமிழில் பேசுவோர்க்கு. தமிழகத்திற்கு வெளியே பள்ளியில் பயிலும் பிள்ளைகள் நாள்முழுதும் ஆங்கிலத்திலும் அவ்வூர் மொழியிலும் பேசுகின்றனர். மாலையில் ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் அழைக்கும்போதுதான் பலருக்குத் தமிழ் வாய்க்கு வருகிறது. தம்பிக்குக் காய்ச்சல் கண்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆங்கிலத்தில் அவன் காய்ச்சலை 'ரன்' செய்கிறான் என்று கூறுவது வழக்கம். அதனை அப்படியே பெயர்த்து, "பாட்டி, தம்பிக்குக் காய்ச்சல் ஓடுகிறது" என்று அக்காள் சொன்னால் பாட்டி என்ன எண்ணுவார்? காய்ச்சல் அவனை விட்டு ஓடுகிறது, அதாவது நீங்குகிறது என்றே எண்ணுவார். "நல்லதாயிற்று, கண்ணு" என்று மகிழ்ந்து தொலைபேசியை வைத்துவிடுவார். இங்கே பிள்ளையின் உடல் கொதிக்கும். அங்கே பாட்டி நிம்மதியாக உறங்குவார். "காய்ச்சல் அடிக்கிறது" என்று சொல்லியிருந்தால் அடுத்த நொடியே "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்ற கேள்வி வந்திருக்கும்.

காய்ச்சல் தமிழில் அடிக்கும், காயும். ஆனால் வருவதைக் கூற 'ஓடாது'. அதேபோன்று ஆங்கிலத்தில் சளி பிடித்தவரின் மூக்கு 'ரன்' ஆகும். தமிழில் மூக்கு ஒழுகும். மூக்கு ஓடுகிறது என்றால் கேட்பவர் சிரித்துவிடுவார். துவைக்கும்போது துணியின் நிறம் ஆங்கிலத்தில் 'ரன்' ஆகும். தமிழில் சாயம் போகும். சர்க்கரை இல்லாமற்போனால் ஆங்கிலத்தில் 'ரன் அவுட்'. தமிழில் சர்க்கரை தீர்ந்துவிட்டது. எதிர்பாராமல் ஒருவரைத் தெருவில் காண்பது ஆங்கிலத்தில் அவர்மீது 'ரன்' ஆவது. தமிழில் அவர் எதிர்ப்பட்டார். நாளிதழ் ஒரு செய்தியை ஆங்கிலத்தில் 'ரன்' செய்யும், தமிழில் வெளியிடும். பாட்டனுக்கும் தந்தைக்கும் பேரனுக்கும் இசைத்திறன் இருந்தால், அது அக்குடும்பத்தில் 'ரன்' ஆகிறது என்பது ஆங்கிலம். வழிவழியாக வருகிறது என்பது தமிழ். ஆங்கிலத்தில் ஒரே சொல் செய்யும் வேலையைத் தமிழில் ஒழுகு, போ, தீர், எதிர்ப்படு, வெளியிடு, வா எனப் பல வினைகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒவ்வொன்றும் தன் காட்சியைத் தானே வைத்திருக்கிறது. 'ஒழுகு' என்ற சொல்லில் மெல்லிய நீர்க்கோடு தெரிகிறது. 'தீர்' என்ற சொல்லில் வெறும் டப்பா தெரிகிறது.

ஒரு கடையை 'ரன்' செய்வதைத் தமிழில் எவ்வாறு கூறுவது? கடை நடத்துகிறார் என்பதே வழக்கு. 'நடத்து' என்பது 'நட' என்பதன் பிறவினை. நடக்கச் செய்தல் என்பது அதன் நேர்ப்பொருள். ஆங்கிலேயர் கடையை ஓடச்செய்கின்றனர், தமிழர் நடக்கச்செய்கின்றனர். தில்லியிலோ போபாலிலோ வாழும் மாணவர் இவ்விடத்தில் இந்தியையும் நினைத்துப் பார்க்கலாம். இந்தியில் கடை நடத்துவதற்கு 'துகான் சலானா' என்பர். 'சல்னா' என்றால் நடத்தல், செல்லுதல். 'சலானா' என்றால் நடக்கச் செய்தல். மராத்தியிலும் 'சாலவணே' என்று இதே அமைப்பு உண்டு. தமிழும் இந்தியும் வேறுவேறு மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆயினும் கடை என்று வரும்போது இரண்டும் ஒன்றாகவே நடக்கின்றன.

எல்லா இடங்களிலும் அவ்வாறு ஒத்துப்போவதில்லை. இந்தியில் வண்டியும் நடக்கும், மின்விசிறியும் நடக்கும், கடிகாரமும் நடக்கும். 'காடி சல்தீ ஹை', 'பங்க்கா சல் ரஹா ஹை' என்பன அன்றாடத் தொடர்கள். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு "மின்விசிறி நடக்கிறது" என்று தமிழில் கூறும் பிள்ளைகள் உளர். தமிழில் மின்விசிறி சுழலும், ஓடும், கடிகாரமும் ஓடும், வண்டியும் ஓடும். 1856-இல் சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு முதல் பயணியர் தொடர்வண்டி புறப்பட்டபோது, அந்தப் புதிய ஊர்திக்கெனத் தமிழர் புது வினைச்சொல் தேட வேண்டியிருக்கவில்லை. தேர் ஓடிய நாட்டில் தொடர்வண்டியும் ஓடிற்று. ஆக, கடை நடக்கும் என்பதில் தமிழ் இந்தியோடு சேர்கிறது. வண்டி ஓடும் என்பதில் ஆங்கிலத்தோடு சேர்கிறது. இதற்கென ஒரு விதியை எழுதித் தர இயலாது. கேட்டுப் பழகுவதே வழி.

தேர்தலைப் பற்றிய பேச்சில் இந்த வேறுபாடு இன்னும் சுவையானது. அமெரிக்காவில் வேட்பாளர் குடியரசுத் தலைவர் பதவிக்கு 'ரன்' செய்கிறார், ஓடுகிறார். அதே ஆங்கிலம் பேசும் பிரிட்டனில் வேட்பாளர் ஓடுவதில்லை. அங்கே அவர் 'ஸ்டாண்ட்' செய்கிறார், அதாவது நிற்கிறார். இந்தியில் 'சுனாவ் லட்னா' என்பர். வேட்பாளர் தேர்தலைச் சண்டையிடுகிறார். தமிழில் அவர் தேர்தலில் நிற்கிறார். செய்தித்தாள் நடையில் போட்டியிடுகிறார். ஒருவர் ஓட, ஒருவர் நிற்க, ஒருவர் சண்டையிடச் செய்தி என்னவோ ஒன்றுதான். "என் மாமா தேர்தலில் ஓடினார்" என்று ஒரு பிள்ளை ஊரில் சொன்னால், தோல்விக்கு அஞ்சி மாமா ஓடிவிட்டார் என்றே ஊரார் கொள்வர். மாமாவின் மானம் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது.

இதுவரை கூறியவற்றால் தமிழின் 'ஓடு' சிறிய சொல் என்று எண்ணிவிடலாகாது. 'ரன்' செல்லாத இடங்களுக்கும் அது செல்லும். எதிர்பாராத துன்பம் நேர்ந்தபோது "கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை" என்பர். இதனை ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் யாருக்கும் விளங்காது. கை எப்படி ஓடும்? ஆனால் தமிழ் அறிந்த எவரும் அத்தொடரைக் கேட்டவுடன் திகைத்து நிற்கும் ஒருவரைக் கண்முன் காண்பர். "பொழுது ஓடவில்லை" என்றால் சலிப்பு. "இந்த வருமானத்தில் குடும்பம் ஓடுகிறது" என்றால் அளவான வாழ்க்கை; நிறைவும் குறையும் கலந்து ஒலிக்கும் தொடர் அது. சுவரில் விரிசல் ஓடும். மண்ணில் வேர் ஓடும். படம் நூறு நாள் ஓடும். இவ்விடத்தில் ஆங்கிலத்திலும் 'ரன்' என்பதே பொருந்தும்.

'ஓட்டம்' என்னும் பெயர்ச்சொல்லிலிருந்து தமிழ் ஆக்கிக்கொண்ட சொற்களும் பல. உடலில் இரத்த ஓட்டம், கம்பியில் மின்னோட்டம், ஆற்றில் நீரோட்டம், மனத்தில் எண்ண ஓட்டம். புதிதாகச் செய்த தேரைத் திருவிழாவிற்கு முன்பே ஒருமுறை இழுத்துப் பார்ப்பதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். இன்று புதிய தொடர்வண்டியைப் பயணிகளின்றி ஓட்டிப் பார்க்கும்போதும் நாளிதழ்கள் அச்சொல்லையே ஆள்கின்றன. தேருக்கென வந்த சொல் மெட்ரோ வண்டிக்கும் உதவுகிறது. இவற்றுள் மிக அழகியது 'கண்ணோட்டம்'. இன்று அச்சொல்லுக்குப் பார்வை, கருத்துநிலை என்று பொருள் கொள்கின்றனர். திருக்குறளின் 58-ஆம் அதிகாரத்திற்கு அதுவே தலைப்பு. அங்கே அதற்குப் பொருள் இரக்கம். துன்புறும் ஒருவரைக் கண்டவிடத்து, கண் அவர்மீது சென்று பொருந்துதலே இரக்கம் என்று பழந்தமிழர் கருதினர். கண் ஓடினால் அருள்!

இனி இலக்கணத்திற்கு வரலாம். ஆங்கிலத்தில் பேருந்து தானே 'ரன்' ஆகும். நிறுவனம் பேருந்தை 'ரன்' செய்யும். இரண்டிற்கும் சொல் ஒன்றே. தமிழில் அவ்வாறு கூற இயலாது. பேருந்து ஓடுகிறது, ஓட்டுநர் பேருந்தை ஓட்டுகிறார். 'ஓடு' தன்வினை, 'ஓட்டு' பிறவினை. செயலைத் தானே செய்வது தன்வினை. பிறரை அல்லது பிறிதொன்றைச் செய்விப்பது பிறவினை. ஆடு, ஆட்டு, கூடு, கூட்டு, உருகு, உருக்கு, திருந்து, திருத்து என்பனவும் இவ்வாறே அமைந்தவை. முன்னர்க் கூறிய நட, நடத்து என்பதும் அவ்வகையே. "அப்பா வண்டி ஓடுகிறார்" என்று எழுதும் மாணவர், ஆங்கிலத்தில் இல்லாத இந்த வேறுபாட்டைத் தமிழிலும் விட்டுவிடுகிறார். ஓர் ஒற்றெழுத்து குறைந்ததால் அப்பா வண்டியை விட்டிறங்கி வியர்க்க வியர்க்க ஓட வேண்டியதாகிறது.

'ஓடு' என்று ஒலிக்கும் வேறொரு சொல்லும் உண்டு. கூரையில் வேய்வது ஓடு; முட்டையின் புறத்தில் இருப்பதும் ஆமையின் முதுகில் இருப்பதும் ஓடு; துறவியர் கையில் ஏந்துவது திருவோடு. இந்த ஓட்டிற்கும் ஓடுதலுக்கும் தொடர்பில்லை. ஒலியால் ஒன்றாய் அமைந்த இருவேறு சொற்கள் அவை. ஒரே பெயர் கொண்ட இரு மாணவர் ஒரே வகுப்பில் இருப்பது போன்றது. 'ரன்' என்பதன் பொருள்களோ பெரும்பாலும் ஒரு மரத்தின் கிளைகள் போன்றவை. பின்னோக்கிச் சென்றால் விரைந்து செல்லுதல் என்னும் அடிமரத்தில் கொண்டு சேர்க்கும். அகராதியைப் பயன்படுத்துவோர் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும். முதல்வகைச் சொற்களை அகராதிகள் பெரும்பாலும் தனித்தனித் தலைச்சொற்களாகக் காட்டும்; இரண்டாம் வகையில் ஒரே தலைச்சொல்லின்கீழ் 1, 2, 3 என எண்ணிட்டுப் பொருள்களை வரிசைப்படுத்தும்.

பல பொருள் தரும் சொற்களைத் தமிழ் இலக்கண நூலார் நன்கு அறிந்திருந்தனர். ஒரு சொல் பல பொருளுக்கு உரியதாதலைத் தொல்காப்பியத்தின் உரியியல் கூறுகிறது. நிகண்டுகள் அத்தகைய சொற்களுக்கெனத் தனிப்பகுதியே ஒதுக்கின. 'கடி' என்னும் உரிச்சொல்லுக்கு நன்னூல் பதின்மூன்று பொருள்களை அடுக்குகிறது. காப்பு, கூர்மை, மணம், அச்சம், விரைவு, புதுமை, திருமணம் ஆகியன அவற்றுட் சில. கடிநகர் என்றால் காவலுடைய நகர். கடிமலர் என்றால் மணமுள்ள மலர். அடுத்து நிற்கும் சொல்லே எப்பொருள் என்பதைத் தெரிவிக்கிறது. 'ரன்' என்பதற்கும் அதுவே திறவுகோல். அதன் அருகில் மூக்கு நிற்கிறதா, கடை நிற்கிறதா, காய்ச்சல் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். 645 பொருள்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

கிரிக்கெட்டைக் குறிப்பிடாமல் இப்பாடத்தை முடித்தால் மாணவர்கள் மன்னிக்கமாட்டார்கள். மட்டையாளர் இருவரும் ஆடுகளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடி இடம் மாறினால் ஒரு 'ரன்'. இங்கே பொருள் கால்களோடு நெருங்கியே நிற்கிறது. ஆனால் பந்து எல்லைக்கோட்டைத் தரை தொடாமல் கடந்துவிட்டால், எவரும் ஓர் அடிகூட ஓடாமலேயே ஆறு 'ரன்' கிடைத்துவிடுகிறது. ஓடுவதிலிருந்து எண்ணுவதற்குச் சொல் தாவிவிட்டது. இலங்கைத் தமிழ் நாளிதழ்கள் 'ஓட்டங்கள்' என்றே எழுதுகின்றன. தமிழகத்தில் 'ரன்' என்று தமிழ் எழுத்திலேயே எழுதும் வழக்கமே மிகுதி. இரண்டும் வாசகர்க்கு விளங்குகின்றன. 'ரன் அவுட்' ஆன மட்டையாளரும் 'ரன் அவுட்' ஆன சர்க்கரையும் ஒன்றல்ல என்பதை மட்டும் மறத்தல் கூடாது.

ஐயம் நேரும்போது எடுத்துப் பார்க்கத் தமிழிலும் நல்ல அகராதிகள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது; பழைய இலக்கியச் சொற்களுக்கு அது பெருந்துணை. இக்காலப் பேச்சுக்கும் எழுத்துக்கும் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி ஏற்றது. அது பொருளைக் கூறுவதோடு நில்லாமல், எடுத்துக்காட்டுத் தொடர்களையும் தருகிறது. வெளிமாநிலத்தில் வளரும் மாணவர்க்கு அத்தொடர்களே மிகவும் பயன்படுவன. வீட்டில் கேட்கக் கிடைக்காத வழக்கை அவை காதில் ஓதுகின்றன. அகராதி கைவசம் இல்லையெனில் பாட்டியிடமே கேட்கலாம்.

பயிற்சிக்காக ஒரு சிறு பத்தி இங்குத் தரப்படுகிறது. 'ரன்' வரும் இடந்தோறும் உரிய தமிழ் வினையை இட்டுப் பத்தியை மீண்டும் எழுதுக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா வாளியில் தண்ணீரை 'ரன்' செய்தார். புதிய சட்டையைத் துவைத்தபோது அதன் சிவப்பு 'ரன்' ஆகித் தண்ணீரெல்லாம் சிவந்தது. சமையலறையில் தேயிலைத்தூள் 'ரன் அவுட்' ஆகியிருந்தது. தம்பி அதனை வாங்குவதற்காகத் தெருமுனைக்கு 'ரன்' செய்தான். அங்கே எதிர்வீட்டு மாமி ஒரு மளிகைக் கடையை 'ரன்' செய்கிறார். கடைவாசலில் அவன் தன் தமிழாசிரியர்மீது 'ரன்' ஆனான். அவ்வழியே பேருந்துகள் பத்து நிமிடத்திற்கு ஒருமுறை 'ரன்' ஆகின்றன. ஆசிரியர் அதற்காகக் காத்திருந்தார். அவர் கையிலிருந்த நாளிதழ், பள்ளி ஆண்டுவிழாவைப் பற்றி ஒரு செய்தியை 'ரன்' செய்திருந்தது.

இப்பத்தியில் 'ரன்' எட்டு முறை வந்துள்ளது. 'ஓடு' என்னும் வினை அவற்றுள் இரண்டு இடங்களுக்கு மட்டுமே பொருந்தும். அவ்விரண்டும் எவை?